ஆக்சிமீட்டர் 98 காட்டினால் போதுமா? ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் கணக்கைப் போட்டுப் பார்ப்பது எப்படி

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டியதும் பலருக்கும் கவலை போய்விடுகிறது. ஆனால் அந்த எண் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறது: தமனி ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை இடங்களில் ஆக்சிஜன் ஒட்டியிருக்கிறது என்பதை. ஹீமோகுளோபின் மொத்தம் எவ்வளவு இருக்கிறது, இதயம் அதை எவ்வளவு வேகமாக அனுப்புகிறது, போய்ச் சேர்ந்த ஆக்சிஜனைத் திசுக்கள் எடுத்துக்கொள்கின்றனவா என்பதெல்லாம் அந்த எண்ணில் வராது. அதனால்தான் 98 காட்டும் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம்.

காற்றிலிருந்து செல் வரை ஆக்சிஜன் போகும் பாதையை எண்களோடு பின்தொடர்ந்தால், எந்த இடத்தில் எது கெடுகிறது என்று புரியும். பெருக்கலும் கழித்தலும் தெரிந்தால் போதும். கையில் வேண்டியவை மூன்று: ரத்தப் பரிசோதனை அறிக்கையில் உள்ள ஹீமோகுளோபின் அளவு, ஆக்சிமீட்டர் காட்டும் செறிவு, இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்த அளவு. மூன்றாவதை வீட்டில் அளக்க முடியாது. ஓய்வில் இருக்கும் ஆரோக்கியமான பெரியவருக்கு, ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மி.லி., நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்து, ஏறத்தாழ 5 லிட்டர் என எடுத்துக்கொள்ளலாம்.

முதல் கணக்கு: மூக்கிலிருந்து நுண்ணறை வரை

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். ஆக, வெளிக்காற்றில் ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) 160 மி.மீ. மூக்கும் மூச்சுக்குழலும் காற்றை ஈரமாக்குகின்றன. 37 டிகிரி செல்சியஸில் நீராவி மட்டும் 47 மி.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மீதியில் 21 சதவீதம் எடுத்தால்:

(760 − 47) × 0.21 = சுமார் 150 மி.மீ.

நுண்ணறைக்குள், அதாவது நுரையீரலின் நுண்ணிய காற்றுப் பைக்குள், ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு வந்துகொண்டே இருப்பதால் அதற்கும் ஒரு கழிவு உண்டு. தமனி ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தை 0.8 ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும். வழக்கமான அளவு 40; எனவே 150 − 50 = 100 மி.மீ. இதுவே நுண்ணறையில் உள்ள ஆக்சிஜன் அழுத்தம்.

இந்த ஒரு வரிக் கணக்கு இரண்டு கோளாறுகளை விளக்கிவிடுகிறது. ஒன்று மலை உயரம். ஏறத்தாழ 5,500 மீட்டரில் காற்றழுத்தம் பாதியாகிவிடும். அங்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், ஆனால் (380 − 47) × 0.21 = 70 மி.மீ.யில் தொடங்கித்தான் கழிக்க வேண்டும். உடல் வேகமாக மூச்சிழுத்துக் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்து, அந்தக் கழிவைச் சிறிதாக்கிச் சமாளிக்கிறது.

இரண்டாவது, மூச்சு மந்தமாவது. தூக்க மருந்து மிகையானாலோ, மூச்சுத் தசைகள் தளர்ந்தாலோ கார்பன் டை ஆக்சைடு 80 வரை ஏறலாம். அப்போது 150 − 100 = 50 மி.மீ.; ஆக்சிமீட்டர் 85 பக்கம் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இதே ஆளுக்கு 30 சதவீத ஆக்சிஜன் கொடுத்தால்? 713 × 0.30 = 214; கழிவு 100; மீதி 114 மி.மீ. கருவி 98 காட்டும். கார்பன் டை ஆக்சைடோ 80லேயே நிற்கும், இன்னும் ஏறவும் செய்யும். ஆக்சிஜன் வைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் கிடப்பவரின் விரல் எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம். அவர் நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், கூப்பிட்டால் விழிக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

சவ்வைக் கடப்பது

நுண்ணறைக்கும் ரத்தத் தந்துகிக்கும் (மிக மெல்லிய ரத்தக் குழாய்) இடையிலான சுவரின் தடிமன் சுமார் அரை மைக்ரோமீட்டர். விரித்துப் போட்டால் மொத்தப் பரப்பு 70 சதுர மீட்டர் அளவு வரும். ஓய்வில் ஒரு சிவப்பணு அந்தத் தந்துகியில் முக்கால் நொடி இருக்கிறது. ஆக்சிஜன் நிரம்பக் கால் நொடி போதும். மீதி அரை நொடி கையிருப்பு.

சவ்வு தடித்துப்போகும் நோய்களில் முதலில் கரைவது இந்தக் கையிருப்புதான். உட்கார்ந்திருக்கும்போது எண் நன்றாக இருக்கும். நடந்தால் ரத்த ஓட்டம் வேகமாகி, சிவப்பணு நிரம்பும் முன்பே தந்துகியைக் கடந்துவிடும். ஆகவே நுரையீரல் நோய் இருப்பவரை உட்கார வைத்து மட்டும் அளப்பது அரைகுறை அளவு. மருத்துவர்கள் ஆறு நிமிடம் நடக்கவிட்டு அளப்பார்கள். ஓய்வு அளவைவிட 4 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் அதைப் பொருட்படுத்துவார்கள். ஓய்விலேயே 95க்குக் கீழ் இருப்பவர், நெஞ்சுவலி உள்ளவர் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

இன்னொரு கோளாறு கொஞ்சம் விசித்திரமானது. நிமோனியாவில் சில நுண்ணறைகள் நீரோ சீழோ நிரம்பி மூடிக்கொள்கின்றன. அவற்றைச் சுற்றி ஓடும் ரத்தம் காற்றையே பார்க்காமல் திரும்பிவிடும். பாதி ரத்தம் 100 சதவீதச் செறிவோடும், பாதி 75 சதவீதத்தோடும் வந்து கலந்தால் விடை 87 அல்லது 88. இங்கே ஆக்சிஜன் கொடுத்தாலும் எண் அதிகம் ஏறாது. நல்ல பகுதி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. கெட்ட பகுதிக்குள் ஆக்சிஜன் போகவே வழியில்லை. மூடிய நுண்ணறைகளைத் திறப்பதுதான் வேலை. குப்புறப் படுக்க வைப்பதும், அழுத்தத்தோடு காற்றுக் கொடுப்பதும் அதற்காகத்தான்.

ரத்தத்தில் ஏறுவது: முக்கியமான கணக்கு

ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு இரும்பு அணுக்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கும். ஒரு கிராம் ஹீமோகுளோபின் முழுதாக நிரம்பினால் 1.34 மி.லி. ஆக்சிஜன் தாங்கும். ரத்த நீரில் கரைந்து செல்வது மிகக் கொஞ்சம்: ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) ரத்தத்தில், ஒவ்வொரு மி.மீ. அழுத்தத்துக்கும் 0.003 மி.லி.

சூத்திரம் இப்படி:

ஒரு டெசிலிட்டரில் ஆக்சிஜன் = (ஹீமோகுளோபின் × 1.34 × செறிவு) + (0.003 × தமனி ஆக்சிஜன் அழுத்தம்)

ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 15 கிராம், செறிவு 98, அழுத்தம் 100 என்றால்: 15 × 1.34 × 0.98 = 19.7; கரைந்தது 0.3, மொத்தம் 20 மி.லி. செறிவை 98 என்று போடாமல் 0.98 என்று போட வேண்டும். முதல்முறை போடுபவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

கரைந்த 0.3 அற்பமாகத் தோன்றும். அளவில் அற்பம்தான். ஓய்வில் உடலுக்கு நிமிடத்துக்கு 250 மி.லி. தேவை, ஹீமோகுளோபின் இல்லாமல் கரைந்ததை மட்டும் வைத்து ஓட்டுவதென்றால் இதயம் நிமிடத்துக்கு 83 லிட்டர் ரத்தம் தள்ள வேண்டியிருக்கும். ஆனால் அழுத்தத்தை உண்டாக்குவது கரைந்த ஆக்சிஜன் மட்டுமே. ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது சவ்வைத் தாண்டாது. முதலில் கழன்று ரத்த நீரில் கரைய வேண்டும், பிறகே செல்லுக்குள் நுழையும். சரக்கு முழுதும் அந்தச் சிறிய வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

இப்போது ஹீமோகுளோபினை மாற்றிப் பாருங்கள். ரத்தசோகையில் 7.5 கிராமுக்கு இறங்கிவிட்டது, நுரையீரல் நன்றாக இருக்கிறது. 7.5 × 1.34 × 0.98 = 9.85, கரைந்ததோடு சேர்த்துச் சுமார் 10.2. சுமை பாதியாகிவிட்டது, ஆக்சிமீட்டரோ அதே 98. கருவி பொய் சொல்லவில்லை. இருக்கிற ஹீமோகுளோபின் எல்லாம் நிரம்பித்தான் இருக்கிறது, இருப்பதுதான் போதவில்லை.

பக்கத்திலேயே இன்னொருவரை வைப்போம்: ஹீமோகுளோபின் 15, செறிவு 80. அவர் ரத்தத்தில் 15 × 1.34 × 0.80 = 16.1, கரைந்ததோடு 16.2. அதாவது 98 காட்டுபவரைவிட 80 காட்டுபவர் ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகம். 80 என்பது ஆபத்தான எண், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய எண். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 98 என்பது நற்சான்றிதழ் அல்ல என்பதற்கு இந்த ஒப்பீட்டைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. உதடு நீலமாவதை எதிர்பார்த்துக் காத்திருப்பதும் ரத்தசோகையில் உதவாது. தோலடி ரத்தத்தில் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 5 கிராம் அளவுக்குச் சேர்ந்தால்தான் நீலம் தெரியும். மொத்தமே 7 கிராம் இருப்பவருக்கு அந்த நிலை வரும்போது காலம் கடந்திருக்கும்.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம். செறிவு 98 உள்ள அந்த ரத்தசோகைக்காரருக்கு 40 சதவீத ஆக்சிஜன் கொடுத்தால், நுண்ணறை அழுத்தம் 235 வரை ஏறும், கரைந்தது 0.7 ஆகும், செறிவும் நூறைத் தொடும். கூடுதலாகக் கிடைப்பது டெசிலிட்டருக்கு 0.6 மி.லி.தான். ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் உயரும், அதாவது 1.3 மி.லி. எங்கே பற்றாக்குறையோ அங்கே கை வைக்க வேண்டும்.

இதயம் தள்ளுவது

டெசிலிட்டருக்கு 20 மி.லி., நிமிடத்துக்கு 50 டெசிலிட்டர்: மொத்தம் 1,000 மி.லி. ஆக்சிஜன் திசுக்களுக்கு அனுப்பப்படுகிறது. அதில் 250 செலவாகிறது. மீதி 750 சிரை ரத்தத்தில் திரும்பி வருகிறது. அதனால்தான் கலப்புச் சிரை ரத்தத்தின் செறிவு 75 சதவீதம். இந்த நான்கில் மூன்று பங்கு வீண் அல்ல, சேமிப்பு. கடும் உடற்பயிற்சியில் தசைகள் அதில்தான் கை வைக்கின்றன.

இதயத் தசைக்கு மட்டும் இந்த வசதி குறைவு. அது ஓய்விலேயே தனக்கு வரும் ஆக்சிஜனில் 70 சதவீதம்வரை எடுத்துவிடுகிறது. கூடுதல் வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தே ஆக வேண்டும். இதயத் தமனி அடைப்பு வேலை செய்யும்போது வலியாகத் தெரிவது இதனால்.

இதயம் பலவீனமாகி வெளியேற்றம் 2.5 லிட்டருக்கு இறங்கினால் அனுப்பப்படுவது 500 மி.லி. தேவை அதே 250. திசுக்கள் பாதியை உறிஞ்சிவிடும், சிரைச் செறிவு 50 பக்கம் வந்துவிடும். விரல் எண் அப்போதும் 98 இருக்கலாம். உறிஞ்சும் பங்கு 60, 70 சதவீதத்தைத் தாண்டும்போது பல திசுக்கள் ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை எரிக்கத் தொடங்கி, லாக்டேட் சேரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் லாக்டேட்டையும் மையச் சிரைச் செறிவையும் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைப் பிடிக்கத்தான்.

இறங்குவது

அழுத்தத்துக்கும் செறிவுக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல, வளைகோடு. நான்கு புள்ளிகளை மனப்பாடம் செய்துவைத்தால் போதும்: 100 மி.மீ.யில் 97 அல்லது 98 சதவீதம், 60ல் 90, 40ல் 75, 27ல் 50.

முதல் இரண்டு புள்ளிகளைக் கவனியுங்கள். அழுத்தம் 100லிருந்து 60க்கு விழுந்தும் செறிவு 8 புள்ளிதான் குறைகிறது. அடுத்த 20 மி.மீ. இறக்கத்திலேயே 15 புள்ளி போய்விடுகிறது. நுரையீரலுக்கு மேட்டுச் சமவெளி, திசுக்களுக்குச் செங்குத்துச் சரிவு. 90 என்ற எண்ணை மருத்துவர்கள் எல்லைக்கோடாகக் கொள்வது இதனால்தான்: அங்கிருந்து அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் செறிவு மளமளவென்று சரியும்.

உழைக்கும் தசையில் சூடு, அமிலம், கார்பன் டை ஆக்சைடு மூன்றும் கூடும். மூன்றுமே ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்தும். தேவை உள்ள இடத்தில் தானாகவே அதிகம் இறங்கும். கார்பன் டை ஆக்சைடு செய்யும் வேலையை 1904ல் கிறிஸ்டியன் போர் விளக்கினார். இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. சிவப்பணுவுக்குள் உருவாகும் 2,3-டிபிஜி என்ற பொருளும் பிடியைத் தளர்த்தும். சேமித்து வைத்த ரத்தத்தில் இது குறைந்துபோகும். ஏற்றிய ரத்தம் முழுத் திறனோடு ஆக்சிஜனை இறக்க ஓரிரு நாள் ஆகலாம். கருவின் ஹீமோகுளோபினுக்கு இந்தப் பொருளோடு ஒட்டுதல் குறைவு. ஆகவே பிடி இறுக்கம், தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொள்ள முடிகிறது.

ஆக்சிமீட்டரைச் சரியாகப் பிடிப்பது

1970களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி கண்டறிந்த முறைதான் இன்றும் அடிப்படை. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் விரல் வழியே போகின்றன. ஆக்சிஜன் உள்ள ஹீமோகுளோபினும் இல்லாததும் இவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் கருவி பிரித்தெடுப்பதால் தமனி ரத்தத்தின் அளவு கிடைக்கிறது. துடிப்பு பலவீனமானால் கணக்கும் பலவீனமாகிவிடும்.

1. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள்.
2. நகப்பூச்சு, ஒட்டு நகம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.
3. ஆள்காட்டி அல்லது நடுவிரலை முழுதாக உள்ளே விடுங்கள். கையை நெஞ்சு மட்டத்தில், அசையாமல் வையுங்கள். வெயிலோ பலமான விளக்கொளியோ கருவிமேல் விழக்கூடாது.
4. எண் ஆடிக்கொண்டிருக்கும்வரை குறிக்க வேண்டாம். நிலைத்து நின்ற பிறகு, குறைந்தது அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பாருங்கள்.
5. கருவி காட்டும் நாடித்துடிப்பையும், மணிக்கட்டில் நீங்களே எண்ணிய துடிப்பையும் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் செறிவு எண்ணையும் நம்ப வேண்டாம்.

ஐந்தாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பயனுள்ளது அதுதான்.

நல்ல கருவியிலும் 2, 3 புள்ளி முன்பின் இருக்கும். காலையில் 97, மாலையில் 95 என்பது மாற்றமாகவே இல்லாமல் இருக்கலாம். நாள்தோறும் ஒரே விரலில், ஒரே நேரத்தில் அளந்து போக்கைப் பாருங்கள். கருத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு உண்டு, அதுவும் செறிவு குறைவாக இருக்கும்போது. 70க்குக் கீழே காட்டும் எண்களுக்குத் துல்லியம் கிடையாது. விரலுக்கு ரத்தம் வந்துசேரும் நேரமும் சேர்வதால், நுரையீரலில் நடந்தது திரையில் தெரிய அரை நிமிடம்வரை, குளிர்ந்த கையில் அதற்கு மேலும் ஆகலாம்.

கடல் மட்டத்தில் ஆரோக்கியமான பெரியவருக்கு 95 முதல் 100. 91 முதல் 94 வரை நிலைத்து நின்றால் மருத்துவரிடம் பேச வேண்டும். 90ம் அதற்குக் கீழும் அவசரம். சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் 88 முதல் 92 வரை இலக்கு வைப்பார்கள். அவர்களுக்கு 98 ஆக்குகிறேன் என்று ஆக்சிஜன் குழாயைத் திருப்பிவிடுவது தீங்கு. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, குழப்பம், நீலம் பாய்ந்த உதடு, இவற்றில் எது இருந்தாலும் எண் என்ன சொன்னாலும் கிளம்ப வேண்டும்.

கருவி ஏமாறும் இடங்கள்

கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினில் ஒட்டும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு அது ஆக்சிஜன் ஒட்டியதுபோலவே தெரியும். மூடிய அறையில் ஜெனரேட்டரோ கரி அடுப்போ எரிந்து, தலைவலியோடு மயங்கியவருக்குக் கருவி 99 காட்டும். அங்கே எண்ணைப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, மருத்துவமனையில் முழு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம்; நூறு சதவீத ஆக்சிஜனில் ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்.

சில மருந்துகளும் நைட்ரைட்டுகளும் ஹீமோகுளோபினின் இரும்பை ஆக்சிஜனேற்றி, பிடிக்கும் திறனைப் பறித்துவிடும். இந்த மெத்ஹீமோகுளோபின் கூடும்போது கருவி உண்மை எதுவானாலும் 85 அருகே போய் நின்றுவிடும். ஆக்சிஜன் கொடுத்தும் 85ஐ விட்டு நகராமல், ரத்தமும் சாக்லேட் நிறத்தில் இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். சயனைடு விஷத்தில் பாதை முழுதும் சரியாக இருக்கும், செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா மட்டும் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் நின்றுபோகும். சிரை ரத்தமும் தமனி ரத்தம்போலச் சிவந்திருக்கும்.

எல்லாம் சேர்ந்தால்: ஒரு முழுக் கணக்கு

ஹீமோகுளோபின் 9, செறிவு 93, இதய வெளியேற்றம் 4 லிட்டர், காய்ச்சல் 39 டிகிரி. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் உயிருக்கு உலை வைக்கும் எண் அல்ல.

9 × 1.34 × 0.93 = 11.2, அழுத்தம் 68 என்று வைத்தால் கரைந்தது 0.2, மொத்தம் 11.4. அதை 40 டெசிலிட்டரால் பெருக்கினால் நிமிடத்துக்கு 456 மி.லி. வழக்கமான ஆயிரத்தில் பாதிகூட இல்லை. காய்ச்சல் ஒவ்வொரு டிகிரிக்கும் தேவையைச் சுமார் 10 சதவீதம் கூட்டும். 250 என்பது 300 ஆகிவிட்டது. 300ஐ 456ஆல் வகுத்தால் 66 சதவீதம். சிரைச் சேமிப்பு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது.

எதைச் சரிசெய்வது? ஆக்சிஜன் கொடுத்துச் செறிவை 98 ஆக்கினால் அனுப்பப்படுவது 484 ஆகும், உறிஞ்சும் பங்கு 62. ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினால் 506, பங்கு 59. வெளியேற்றத்தை 5 லிட்டராக்க முடிந்தால் 570, பங்கு 53. காய்ச்சலை மட்டும் இறக்கினால், அனுப்பப்படுவது 456ஆகவே இருந்தும் பங்கு 55க்கு வந்துவிடும். முதலில் ஆக்சிஜனைத் திறப்பார்கள், அது நொடியில் ஆகிற வேலை. அதோடு நிறுத்திக்கொண்டால் மிச்சமாவது நான்கே புள்ளி.